நோரா ஹார்ட்டிகனின் கல்லறைகள்

நோரா ஹார்ட்டிகன் மூன்றாவது முறை இறந்தபோதுதான் மணற்கொம்பு ஊர் அவளை நம்பத் தொடங்கியது. எரோணிமுஸ் அப்போதும் நம்பவில்லை.

கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறக்கப் போன உபதேசியார், முந்தின நாள்வரை எருக்கஞ்செடி நின்ற இடத்தில் புதிய மண்மேடும், அதன் தலைமாட்டில் கற்சிலுவையும், சிலுவையில் இங்கிலீஷ் எழுத்தும் இருக்கக் கண்டு, ஓடாமல், கூவாமல், கோவிலுக்குத் திரும்பி வந்து துக்க மணியை அடித்துவிட்டு, அந்தம்மா மறுபடியும் போய்விட்டாள் என்று படியில் நின்றவர்களிடம் சொன்னார். பெண்கள் மீன் கூடைகளை இறக்கி வைத்துச் சிலுவை வரைந்துகொண்டார்கள். வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்த எரோணிமுஸ் மட்டும் தலை நிமிராமல், "யார் பாத்தது?" என்று கேட்டார்.

அது அவருடைய கேள்வி. மகன் லியோன் ஏறிப்போன கட்டுமரம் ஆளில்லாமல் வந்து கரையில் ஒதுங்கிய நாளில், பிள்ளை போய்விட்டான் என்று ஊர் வந்து அவர் முன்னால் நின்றபோதும் அதைத்தான் கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து எதைச் சொன்னாலும், சந்தையில் இறால் விலை ஏறியது என்றாலும், பக்கத்து ஊரில் புதிய கிணறு வெட்டினார்கள் என்றாலும், யார் பார்த்தது என்று கேட்கும் மனிதராகிப்போனார். கேட்ட பிறகு, பதில் சொல்பவனின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பார்.

நோரா முதல்முறை இறந்தது அந்த ஊரிலேயேதான். லியோன் காணாமல் போன மறுவருடம், நல்ல வெயிலில், எல்லோரும் பார்த்திருக்க இறந்தாள். பாறைமேல் நிற்கும் கோவில் ஏதோ போர்த்துக்கீசியத் துறைமுகம் போலத் தெரிகிறது என்று ஒரு வெளிநாட்டுப் படக் கம்பெனி வந்து இறங்கியிருந்தது. கதாநாயகிக்கு அவித்த இறாலின் நிறத்தில் தலைமுடி. அயர்லாந்து என்ற நாட்டில் கடலோரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவளாம். அந்த நாட்டையும் இங்கிலீஷ்காரன்தான் ஆண்டானாம். வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் ஆண்டான் என்பதை ஊர் கொஞ்சமும் நம்பவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் தலையில் முக்காடிட்டுக் கோவிலுக்கு வந்து, நாற்காலி போட்டுக் கொடுத்தும் உட்காராமல், பெண்களோடு தரையில் முழந்தாளிட்டு, தேய்ந்துபோன ஒரு ஜெபமாலையை உருட்டியதைப் பார்த்ததும், அயர்லாந்து எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லாமல் போய், அவள் நோராம்மா ஆகிவிட்டாள்.

கதையில் அவள் கப்பல் தலைவனின் மனைவி, காய்ச்சலில் சாகிறாள். அடக்கம் செய்யும் காட்சிக்கு ஊரையே கூலிக்கு அழைத்தார்கள். பெட்டிக்குள் மணல் மூட்டை. சுற்றி நின்று சோகமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு அடக்கத்தைப் பாதி செய்யலாம் என்பது அந்த ஊருக்குத் தெரியாது. உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட உபதேசியார் இறந்தவர்களுக்கான இளைப்பாற்றி ஜெபத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகச் சொன்னார். பெட்டி இறங்கியதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு மூன்று கை மண் போட்டார்கள். நிறுத்து, நிறுத்து என்று படமெடுக்கும் தொப்பிக்காரன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை, குழி மூடாமல் எப்படி நிறுத்துவது.

அப்படி அழுததற்குக் காரணம் இருந்தது. கடல் கொண்டுபோனவர்களுக்கு மணற்கொம்பில் கல்லறை கிடையாது. உடல் இல்லாமல் குழி வெட்டக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. புருஷனை, பிள்ளையை, அண்ணனை அழாமல் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு அந்த மணல் மூட்டையின்மேல் அழுது தீர்த்தார்கள். காமிராவுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு தன் சாவைத் தானே பார்த்து நின்ற நோராவும் அழுதாள். எரோணிமுஸ் மதிலோரம் கைகட்டி நின்றார். மண் போடவில்லை. வெள்ளைக்காரியின் கன்னத்தில் வழிந்ததை உற்றுப் பார்த்தார். அது கண்ணீரா, வேலையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கம்பெனி போய்விட்டது. சுண்ணாம்புச் சிலுவை நட்ட அந்தப் பொய்க் கல்லறையை இடித்துச் சமமாக்குவதா வேண்டாமா என்று ஊர்க் கமிட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே, மழை விட்ட ஒரு காலையில் அதன் பக்கத்தில் இன்னொன்று நின்றது. பளிங்குக் கல், மேலே கிரீடம் செதுக்கியிருந்தது. யார் வைத்தது என்று விசாரித்துக் களைத்துப்போன பிறகு, தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன் ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில் நோராம்மா ராணியாக வந்ததையும் அவள் கழுத்தைக் கோடாலியால் வெட்டிவிட்டதையும் சொன்னான். கல்லில் இருந்த பெயர் அந்த ராணியின் பெயர்தான். மூன்றாவது, தொழுநோய்த் தீவில் செத்த கன்னியாஸ்திரி. அதோடு ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தம்மா எந்தப் படத்தில் செத்தாலும் இங்கே வந்து சேர்ந்துவிடுகிறாள்; முழு அடக்கம் கண்ட இடம் இதுதானே, வேறெங்கே போவாள் என்றார்கள். பங்குச் சாமியார் ஆயருக்கு எழுதிக் கேட்டார். தீர்த்தம் தெளித்து மந்திரித்த மண்ணில் இருப்பதை யாரும் தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு யாரும் வியக்கவில்லை. வடக்கு மூலையில் ஆடு நுழையாமல் முள்வேலி மட்டும் போட்டார்கள்.

இப்படியாக, சினிமாப் பத்திரிகை எதுவும் எட்டாத அந்த ஊர், ஒரு நடிகையின் வாழ்க்கையை மண்மேடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கடற்கொள்ளைக்காரன் மகளாக முழுகினாள், துப்பாக்கிக்காரனின் காதலியாகச் சுடப்பட்டாள், பிரசவத்தில் செத்தபோது பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு இன்னொரு மேடும் சேர்ந்து வந்தது. நடுவில் சில வருடங்கள் தோட்டத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. சிரிப்புப் படம் நடிக்கிறாள்போல என்று ஆண்களும், கல்யாணமாகியிருக்கும் என்று பெண்களும் சொன்னார்கள். பிறகு மறுபடியும் வரத் தொடங்கியபோது கற்களின் தரம் இறங்கியிருந்தது. பளிங்கு போய்ச் சாதாரணக் கல், கல் போய் மரம். பெயர்களும் போய்விட்டன. ஒன்றில் 'தாய்' என்று மட்டும் இருந்தது. கடைசியாக வந்ததில் பெயரே இல்லாத பலகை. யாரோ வேலைக்காரி, படம் தொடங்கிய சற்று நேரத்தில் மாடிப்படியில் உருண்டு செத்துவிட்டாளாம். நாற்பதைத் தாண்டிவிட்டாள் பாவம், என்று பெண்கள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று சொன்னார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு இந்த மேடுகளில் யார் திரி ஏற்றுவது என்ற கேள்வி ராணி வந்த வருடமே வந்தது. புருஷனையும் தம்பியையும் கடலுக்குக் கொடுத்த அந்தோணிச்சி, யாரிடமும் கேட்காமல் போய் ராணியின் தலைமாட்டைத் துடைத்துச் செவ்வந்திப் பூ வைத்து மெழுகுதிரியைக் கொளுத்தினாள். சாமியார் என்ன இது என்றதற்கு, "அவளுக்கு ஒடம்பில்லாத குழி, எனக்குக் குழியில்லாத ஒடம்பு. ரெண்டும் சேந்தா ஒரு கல்லறை ஆயிரும்லா சாமி?" என்று கேட்டாள். தலை வெட்டுப்பட்ட ராணியை எதற்கு எடுத்தாய் என்று மற்றவர்கள் சீண்டினார்கள். "எங்க வீட்டு அவுக தல மட்டும் என்ன, இருந்தவரைக்கும் எம் பேச்சக் கேட்டுச்சா?" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு மேட்டுக்கும் ஆள் வந்தது. கடலோடு போன ஊரறிந்த குடிகாரன் ஒருவனுக்குக் கன்னியாஸ்திரி வாய்த்ததில் சண்டை நடந்தது. கடலில் போன பையனுக்கு அந்த ஒரு சாண் மேட்டை ஒரு தாய் கேட்டு வாங்கியபோது எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். இங்கிலீஷ் பெயருக்குக் கீழே உபதேசியார் தமிழில் பெயர் எழுதினார். எல்லாவற்றுக்கும் முந்தின சுண்ணாம்புச் சிலுவைக் கல்லறையை மட்டும் அந்தோணிச்சி யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள். அது லியோனுக்கு.

எரோணிமுஸ் அதன் பக்கம் போகவில்லை. செத்தவள் அடுத்த படத்தில் எழுந்து வருகிறாளே, அது என்ன சாவு என்று கேட்டார். பொய்ச் சாவின் தலைமாட்டில் நிஜத் திரியை ஏற்றினால் ஒன்று அவளுடைய பொய் மெய்யாகும், இல்லையென்றால் நம் ஆட்களுடைய மெய் பொய்யாகும். இரண்டில் எது என்று தெரிந்துதான் ஏற்றுகிறீர்களா என்றார். வெளியே அப்படிச் சொன்னாலும், தனியாக இருக்கும்போது அந்த இரண்டாவது யோசனையை அவர் வாயில் உப்புக்கல் போல ஒதுக்கி வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வருகிறாள். அப்படியென்றால் எழுந்து வருவது என்று ஒன்று இருக்கிறது.

அவள் படம் வரும்போதெல்லாம் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். கொட்டகையில் எல்லோரும் அவளைப் பார்க்க, அவர் அவளுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், சந்தையில் நடப்பவர்கள், தூக்குமேடைக்குக் கீழே நிற்பவர்கள். கொள்ளைக்காரன் மகள் படத்தில், கப்பல் தளத்தில் அவள் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒருவன் முதுகைக் காட்டி வடம் இழுத்தான். அந்தப் பிடரி லியோனுடைய பிடரி. இழுத்துவிட்டு இடது தோளை ஒருமுறை குலுக்கியதும் லியோன்தான். படம் மாறும்வரை அவர் தினமும் போனார். அவன் ஒருமுறையும் திரும்பவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, யார் பார்த்தது என்று அவர்கள் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

மருமகள் மர்த்தீனாவுக்கு அப்போது முப்பது ஆகிவிட்டிருந்தது. லியோனோடு வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை. வள்ளம் செப்பனிடும் தச்சன் கஸ்பார், மனைவியை இழந்தவன், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு நெடுநாளாகக் காத்திருந்தான். உடல் கிடைக்காதவனின் மனைவிக்குக் கோவிலில் எப்படிக் கல்யாண ஓலை வாசிப்பது என்று சாமியார் தயங்கி, கடைசியில் ஒரு வழி சொன்னார். பெற்ற தகப்பன் கல்லறைத் திருநாளில் பங்கு மக்கள் முன்னால் மகனுக்குத் திரி ஏற்றி, அவன் இறந்துவிட்டான் என்று தன் வாயால் சொன்னால் போதும். ஆயர் இல்லத்தில் பேசிவிட்டேன் என்றார்.

எரோணிமுஸுக்கு இதில் எல்லாமே சந்தேகமாக இருந்தது. கஸ்பார் தெருவில் வணக்கம் சொன்னால் ஏன் சொல்கிறான் என்றிருந்தது. மர்த்தீனா குழம்பில் ஒரு துண்டு மீன் கூடப் போட்டால் எதற்கு என்றிருந்தது. அவள் ஜெபிக்கும்போது உதட்டைப் பார்த்தார். இவள் கடவுளிடம் என்ன கேட்கிறாள், எவன் சாவைக் கேட்கிறாள்? பிறகு, பெண்பிள்ளையின் ஜெபத்தைக்கூட ஒட்டுக் கேட்கும் கிழவனாகிவிட்டோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்து, அந்த அருவருப்பும் உண்மைதானா என்று சந்தேகம் வந்தது.

அந்த வருடம் திருநாளுக்கு முன்னால் அவள் கேட்டேவிட்டாள். சோறு போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாமா, அவுக வருவாவன்னு நெசமாவே நெனைக்கியளா?"

"வரமாட்டான்னு யார் பாத்தது?"

"யாரும் பாக்கல. நான் வருசா வருசம் ஒரு திரிய முந்தானையில முடிஞ்சுகிட்டுத் தோட்டத்துக்கு வாறேன், ஏத்தாமத் திரும்பக் கொண்டாறேன். அதையாவது பாத்தியளா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். பார்த்திருந்தார். ஒவ்வொரு வருடமும் பார்த்திருந்தார்.

திருநாள் அன்று, வெயில் தாழ்ந்து ஊரே தோட்டத்தில் நின்று புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு வாடகைக் கார் பாறைக்குக் கீழே வந்து நின்றது. இறங்கிவந்தவள் சாதாரணப் பருத்திச் சட்டை போட்டிருந்தாள். முடியில் இறால் நிறம் பாதி போய் வெளுத்திருந்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. அந்தோணிச்சிதான் ராணியின் கல்லைத் துடைத்த கையோடு எழுந்து நின்று, "நம்ம ஆளுலா இது" என்றாள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. அத்தனை தடவை அடக்கம் கண்டவள் நடந்து வருகிறாள். கால் தரையில் படுகிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள். பட்டது. செருப்பில் சேறுகூட இருந்தது.

சாமியாருக்கு இங்கிலீஷ் தெரியும். சினிமாவை விட்டுவிட்டாளாம், சினிமாவும் அவளை விட்டுவிட்டதாம், தன் ஊருக்குத் திரும்பும் வழியில் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போக வந்தாளாம். மேடு மேடாக நடந்து போனாள். தன் பெயர்களுக்குக் கீழே அறியாத எழுத்தில் இன்னொரு பெயர் இருப்பதைத் தடவிப் பார்த்தாள். ராணியிடம் வந்து தன் பிடரியைத் தேய்த்துக்கொண்டாள். கன்னியாஸ்திரியிடம் சிரித்தாள். பெயரில்லாத பலகைக்கு முன்னால் அதிக நேரம் நின்றாள். இவர்கள் யார் என்று கேட்டதற்குச் சாமியார் விளக்கம் சொல்லச் சொல்ல, அவள் ஈரமான புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எரோணிமுஸ் மதிலோரத்திலிருந்து நடந்து வந்தார். பல வருடமாக வாயில் வைத்திருந்ததை எல்லோர் முன்னாலும் கேட்டார். "சாமி, கேட்டுச் சொல்லுங்க. கொள்ளைக்காரன் படத்துல, கப்பல்ல, இவுகளுக்குப் பொறத்தால ஒருத்தன் வடம் இழுப்பான். அவன் யாரு?"

சாமியார் கேட்டார். மர்த்தீனாவின் கை முந்தானை முடிச்சைப் பிடித்தபடி நின்றுவிட்டது. நோரா கிழவரை நிமிர்ந்து பார்த்தாள், அவளிடம் இப்படி ஒரு கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்பதுபோல. பிறகு மெதுவாகச் சொன்னாள், சாமியார் வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

"என் அண்ணனையும் கடல் கொண்டுபோனது. எங்கள் ஊரிலும் உடம்பு வரவில்லை என்றால் கல்லறை கிடையாது. நான் நடித்த எல்லாப் படத்திலும் பின்னால் நிற்கிற கூட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கப்பல் படம் என்றால் கதைகூடக் கேட்காமல் ஒத்துக்கொள்வேன். அந்த வடம் இழுத்தவனுடைய பிடரி என் அண்ணன் பிடரிபோலவே இருந்தது. அதனால் கிட்டப் போய்த் தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தேன்."

"பாத்தியளா?" என்றார் எரோணிமுஸ்.

"பார்த்தேன். மெக்சிகோக்காரன். பெயர் ராமோன். ஒரு காதில் பாதி இல்லை. மறுநாள் எனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்தான்."

எரோணிமுஸ் அவளுடைய கண்ணையே பார்த்தார். தண்ணீர் நின்றது. ராணியாகக் கழுத்தை நீட்டும்போதும் இதே கண்ணில் இதே தண்ணீர் நின்றதைக் கொட்டகையில் பார்த்திருக்கிறார். இது அவள் தொழில். கிழவன்மேல் இரக்கப்பட்டு ஒரு ராமோனை இப்போது உண்டாக்கினாளோ? இல்லாத காதைப் பாதியாக வெட்டினாளோ? ஆனால் ஆரஞ்சுப் பழத்தை யார் இட்டுக்கட்டுவார்கள்? அல்லது ஆரஞ்சுப் பழத்தைத்தான் இட்டுக்கட்டுவார்களா? யார் பார்த்தது என்ற கேள்விக்கு வாழ்க்கையில் முதன்முறையாக நான் பார்த்தேன் என்று ஒரு ஆள் பதில் சொல்லியிருக்கிறாள். அந்த ஆளோ பொய்யாகச் சாவதைப் பிழைப்பாக வைத்திருந்தவள்.

நோரா சாமியாரிடம் வேறொன்று கேட்டாள். இந்தக் கல்லறைகளில் ஒன்றை என் அண்ணனுக்குத் தருவார்களா? கமிட்டித் தலைவர் சங்கடப்பட்டு, எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது என்றார். "செத்தவளுக்கே எடமில்லன்னு சொல்லுத கமிட்டி நம்ம கமிட்டிதான்" என்றாள் அந்தோணிச்சி. யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். எல்லோர் பார்வையும் சுண்ணாம்புச் சிலுவைக்குப் போய், அங்கிருந்து எரோணிமுஸிடம் வந்தது.

அவர் குனிந்து மண்ணை எடுத்தார். பத்து வருடத்துக்கு முன்னால் போடாத மூன்று கை மண்ணைப் போட்டார். பிறகு மர்த்தீனாவிடம் கையை நீட்டினார். அவள் முடிச்சை அவிழ்த்து, வருடா வருடம் முந்தானைச் சூட்டில் வளைந்துபோன திரியைக் கொடுத்தாள். காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது குச்சிக்கு நோரா இரண்டு கையையும் குவித்து மறைப்புக் கொடுத்தாள்.

"எம் மகன் லியோன் செத்துட்டான்," என்றார் எரோணிமுஸ். "நான் சொல்லுதேன். இவுக அண்ணனும் இங்கனயே இருக்கட்டும். ரெண்டு பேரும் கடல்காரனுக, ஒத்துப்போவானுக."

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். கஸ்பாருக்கும் மர்த்தீனாவுக்கும் கல்யாணம் நடந்தது. எரோணிமுஸ் முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்ணுக்குத் தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தார். ஊர் அவரைச் சந்தேகம் தெளிந்த மனிதர் என்று எண்ணிக்கொண்டது.

சில வருடம் கழித்து, நோரா ஹார்ட்டிகன் அயர்லாந்தில் தன் கிராமத்தில் நோயால் இறந்தாள் என்று வெளிநாட்டு ரேடியோவில் கேட்டுச் சாமியார் பூசையில் சொன்னார். மறுநாள் காலை ஊரே தோட்டத்துக்குப் போனது. பெரிய கல்லாகத்தான் வரும், சொந்தப் பெயரில் வரும், ஒருவேளை பளிங்கில் வரும் என்று இடம்கூடச் செதுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் போனார்கள், அந்த மாதம் முழுக்கப் போனார்கள். செதுக்கின இடத்தில் புல்தான் வந்தது.

வெறும் தரையைப் பார்த்து நின்றபோது எரோணிமுஸுக்கு அது புரிந்தது. ராணி எழுந்து கன்னியாஸ்திரியாக வந்தாள், கன்னியாஸ்திரி எழுந்து கொள்ளைக்காரன் மகளாக வந்தாள், வேலைக்காரிகூட எழுந்து கார் ஏறி இங்கே வந்தாள். நிஜமாகச் செத்தபோதுதான் இந்த மண் ஒன்றும் தரவில்லை. இந்த வடக்கு மூலை இத்தனை வருடமும் கல்லறை கொடுத்தது சாகாதவளுக்கு மட்டும்தான். அவர் தலை தானாகவே சுண்ணாம்புச் சிலுவையின் பக்கம் திரும்பியது. சிலுவையில் லியோன் என்று எழுதியிருந்தது. நெஞ்சு வள்ளத்தின் அடிப்பலகையில் அலை அறைவதுபோல அறைந்தது.

அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் மர்த்தீனா நின்றாள். இடுப்பில் கஸ்பாரின் பெண் குழந்தை, சிலுவையின் உதிர்ந்த சுண்ணாம்பைக் கையை நீட்டி எட்டப் பார்த்தது.

"ரேடியோக்காரன் சொன்னா ஆச்சா?" என்றாள் அந்தோணிச்சி. "அவ செத்துட்டாள்னு யார் பாத்தது?"

கேட்டுவிட்டு, அது யாருடைய கேள்வி என்று நினைவு வந்தவளாக எரோணிமுஸைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். மர்த்தீனாவும் பார்த்தாள்.

"பாத்தவுக அங்க இருப்பாவ," என்றார் எரோணிமுஸ். "வாங்க, போவோம்."

எல்லோரையும் முன்னால் போகவிட்டு அவர் கடைசியாக வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். கொண்டியை மட்டும் போடவில்லை.